நிக்காஹ் தாளில் யார் கையெழுத்து?

கேள்வி இது: "பெண்ணியம் மேற்கிலிருந்து வந்த சரக்கு, முஸ்லிம் பெண்களுக்கு அது ஒத்துவராது என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். முஸ்லிம் பெண்கள் எந்த நாட்டிலும் அடிமையாகத்தான் கிடக்கிறார்கள் என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். உண்மை நிலை என்ன?"

இரண்டு பேச்சும் எதிரெதிராகத் தெரிந்தாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. முஸ்லிம் பெண்கள் தங்களுக்காகத் தாங்களே எதையும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டார்கள் என்று இரண்டுமே நம்புகின்றன. நூறு வருட வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் "முஸ்லிம் உலகம்" என்று மொத்தமாகப் பேசினால் அந்த வரலாறு கண்ணில் படாது. அதனால் ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் பார்ப்போம். நிக்காஹ் பதிவுத் தாள்.

இஸ்லாத்தில் திருமணம் என்பது ஒப்பந்தம். சம்மதம் வேண்டும், சாட்சி வேண்டும், மணமகன் மஹர் எனும் மணக்கொடை தர வேண்டும், விரும்பினால் நிபந்தனை சேர்க்கலாம். இவ்வளவும் பொதுவானது. ஆனால் யார் கையெழுத்துப் போடுவது, குறைந்தபட்ச வயது என்ன, மணவிலக்கை யார் கேட்கலாம், யார் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டம்தான் முடிவு செய்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பாதி அந்தத் தாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் தமிழிலேயே நடக்கும் ஒன்றைப் பார்க்கலாம். இலங்கையின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். அதன்படி திருமணப் பதிவில் மணமகளின் கையெழுத்து தேவையில்லை. மணமகன் போடுவார், மணமகளின் 'வலி' எனும் காப்பாளர், அதாவது தந்தையோ சகோதரனோ, போடுவார். குறைந்தபட்ச வயது என்று எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமி என்றால் மட்டும் காதி எனும் முஸ்லிம் குடும்ப நீதிபதியின் அனுமதி வேண்டும் என்கிறது. மற்ற இலங்கையருக்கு 1995 முதல் திருமண வயது 18. கணவன் காரணம் சொல்லாமல் தலாக் கொடுக்கலாம். மனைவி பஸஹ், அதாவது கணவனின் குற்றத்தைக் காட்டி மணவிலக்கு, கேட்டால் குற்றத்தைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அடித்தான் என்றால் அடித்ததைப் பார்த்தவர் வேண்டும். நான்கு சுவருக்குள் நடந்ததற்குச் சாட்சிக்கு எங்கே போவது? அதை அவள் சொல்ல வேண்டிய இடம் காதி நீதிமன்றம். காதியாக ஆண் மட்டுமே இருக்க முடியும் என்றும் அந்தச் சட்டமே எழுதியிருக்கிறது. சரி, அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாமா? அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை அந்தக் கதவையும் மூடுகிறது. பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது அது.

இதையே கிழக்கு மாகாணத்தில் வைத்துப் பாருங்கள். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ வேண்டும். தாய்வழியில் வரும் 'குடி'முறை அங்கே முஸ்லிம்களிடமும் உண்டு. தமிழ்நாட்டுக் கரையில் காயல்பட்டினத்திலும் கிட்டத்தட்ட இதே வழக்கம்தான். கணவன் மனைவிக்குள் சண்டை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவன் கணவன். மத்திய கிழக்கைப் பற்றியே படித்துவிட்டு முஸ்லிம் குடும்பம் என்றால் இப்படித்தான் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் அந்த வீட்டின் உறுதிப் பத்திரம் தன் பேரில் இருக்கும் பெண், தன் திருமணத் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை. அந்த வீட்டைக் கட்ட அவளுடைய தாயோ அக்காவோ வளைகுடாவில் வீட்டுவேலை பார்த்திருப்பார். சொத்து ஒரு கையில், சட்டம் இன்னொரு கையில். ஒன்று இருந்தால் மற்றதும் தானாக வந்துவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

இதை மாற்ற இலங்கை முஸ்லிம் பெண்கள் 1980களிலிருந்து பாடுபடுகிறார்கள். ஊர் ஊராகப் போய்க் காதி நீதிமன்றங்களில் அலைந்த பெண்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு அமைந்தது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஒன்பது வருடம் போனபின் குழுவே இரண்டாகப் பிரிந்து இரண்டு பரிந்துரைகளைக் கொடுத்தது. அடுத்த வருடம் ஈஸ்டர் குண்டுவெடிப்பு. அதுவரை முஸ்லிம் பெண்களின் பிரச்சினையைத் திரும்பிப் பார்க்காதவர்கள் திடீரென்று அவர்களுக்காகப் பேசினார்கள். முகத்திரைக்குத் தடை வந்தது. 2021இல் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' செயலணிக்கு முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பேர்போன ஞானசார தேரரையே தலைவராகப் போட்டார்கள். முப்பது வருடம் தங்கள் சமூகத்துக்குள் நின்று வாதாடிய பெண்களுக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது. "பார்த்தாயா, நீ கேட்பது அவன் கேட்பதுதான்" என்று சொந்த ஊரில் சொல்வதற்கு வழி பிறந்துவிட்டது. வரைவுகள் வந்தன, எதிர்ப்புக் கிளம்பியது, மறுபடி கிடப்பில் போனது.

"அது ஷரீஅத், அதில் கை வைக்க முடியாது" என்பதுதான் அங்கே வரும் முதல் பதில். இந்த இடத்தில்தான் பிற முஸ்லிம் நாடுகளைத் தெரிந்துவைத்திருப்பது உதவுகிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபை, அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றை, சேர்ந்தவர்கள். மலேசியாவும் இந்தோனேசியாவும் ஷாஃபிஈதான். மலேசியாவில் 2010இல் ஷரீஅத் நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகள் வந்தார்கள். இந்தோனேசிய மார்க்க நீதிமன்றங்களில் பல காலமாகவே பெண் நீதிபதிகள் இருக்கிறார்கள். பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் 2009இல் இரண்டு பெண்கள் ஷரீஅத் நீதிபதிகளாக நியமிக்கப்பட்டார்கள். திருமண வயதை இந்தோனேசியா 2019இல் இருபாலருக்கும் 19 ஆக்கியது. மொராக்கோவில் 2004 முதல், வயது வந்த பெண் விரும்பினால் வலியை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தன் திருமணத்தைத் தானே முடித்துக்கொள்ளலாம். இவர்கள் எல்லாரும் இஸ்லாத்தை விட்டுவிட்டார்களா?

துனீசியா இன்னும் தூரம் போனது. 1956 மார்ச்சில் விடுதலை, ஆகஸ்ட் 13ஆம் தேதி புதிய குடும்பச் சட்டம். பலதார மணம் தடை, நீதிமன்றத்துக்கு வெளியே சொல்லும் தலாக் செல்லாது, மணவிலக்குக் கேட்கும் உரிமை இருவருக்கும் ஒன்று. இது ஹபீப் பூர்கீபா என்ற ஒரு தலைவரின் மூளையில் ஒரே இரவில் உதித்ததில்லை. 1930லேயே தாஹர் ஹத்தாத் என்பவர் ஷரீஅத்தையும் பெண்களின் நிலையையும் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். ஸைத்தூனா பள்ளிவாசலில் மார்க்கக் கல்வி முடித்தவர், தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர். மனைவியரிடையே நீதமாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தி போதும் என்றும், நீங்கள் எவ்வளவு விரும்பினாலும் நீதமாக நடக்க முடியாது என்றும் குர்ஆனின் நான்காம் அத்தியாயம் சொல்வதைச் சேர்த்துப் படித்து, பலதார மணத்துக்கு முடிவு கட்டலாம் என்று பேசியவர்களின் வரிசையில் அவரும் ஒருவர். அதற்காக அவரை ஒதுக்கினார்கள். 1935இல், முப்பத்தைந்து வயதைத் தாண்டியதும் இறந்துபோனார். அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி இருபத்தொரு வருடம் கழித்துச் சட்டமாயிற்று. தன் காலத்தில் தோற்றுப்போன அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ஆனால் துனீசியாவைச் சொர்க்கமாகக் காட்டவும் நான் தயாரில்லை. சட்டம் கொடுத்த அதே அரசு சுதந்திரமான பெண்கள் அமைப்புகளை வளரவிடவில்லை. 1981இல் ஒரு சுற்றறிக்கை போட்டு, பள்ளி, அரசு அலுவலகங்களில் தலைமறைப்புக்குத் தடை விதித்தது. படிக்க வந்த பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. 2018இல் சொத்துரிமையில் ஆண் பெண் சமம் என்ற மசோதாவை அதிபர் எஸ்ஸெப்ஸி கொண்டுவந்தார், அது நின்றுபோனது. நிலம் என்று வந்தவுடன் ஊர் முழுக்க மார்க்க அறிஞராகிவிடுவது எல்லா நாட்டிலும் எல்லா மதத்திலும் நடக்கும் கதைதான்.

இப்போது பாகிஸ்தானின் நிக்காஹ்நாமாவைக் கையில் எடுங்கள். 1961ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தோடு வந்த படிவம் அது. அந்தச் சட்டமே எப்படி வந்தது என்றால், 1955இல் பிரதமர் முகமது அலி போக்ரா மனைவி இருக்கும்போதே இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். பெண்கள் சங்கத்தினர் கொதித்தெழுந்தார்கள். ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று. படிவத்தின் 18ஆம் பத்தியில் ஒரு கேள்வி இருக்கிறது: மணவிலக்குச் செய்யும் அதிகாரத்தைக் கணவன் மனைவிக்கு ஒப்படைத்திருக்கிறாரா, ஆம் எனில் என்ன நிபந்தனைகளின் பேரில்? "ஆம்" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். பிற்பாடு வாழ்க்கை கசந்தால் அந்தப் பெண் மஹரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, நீதிமன்றப் படியில் வருடக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. ஹனஃபி மத்ஹபின் பழைய நூல்களிலேயே இதற்கு இடம் உண்டு, புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மணப்பெண்ணிடம் தாள் வருவதற்கு முன்பே 17, 18, 19 ஆகிய பத்திகளின் மேல் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். பதிவாளர் போடுவார், சில வீடுகளில் பெண்ணின் தந்தையே போடச் சொல்வார். நல்ல நாளும் அதுவுமாக மணவிலக்கைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்பார்கள். அலங்காரத்தோடு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பெண், சுற்றி அத்தைகளும் சித்திகளும் நிற்க, விரல் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவாள். அந்தப் படிவத்தில் என்ன இருந்தது என்று பல பெண்களுக்குத் தெரியவருவது வக்கீல் அலுவலகத்தில்தான். பஞ்சாப் மாகாணம் 2015இல் சட்டத்தைத் திருத்தி, பத்திகளை நிரப்பாமல் விடும் பதிவாளருக்குத் தண்டனை வைத்தது. உரிமை சட்டத்தில் இருப்பது வேறு, பெண்ணின் கைக்கு வந்து சேர்வது வேறு. இடையில் நிற்பது ஒரு பேனாக் கோடு.

வங்காளதேசத்திலும் இதே படிவத்தின் வாரிசுதான். அங்கே ஐந்தாம் பத்தி மணமகள் 'குமாரி'யா, கைம்பெண்ணா, மணவிலக்கானவளா என்று கேட்டது. கன்னித்தன்மையை விசாரிக்கும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'மணமாகாதவர்' என்று போட வேண்டும், அதே விவரத்தை மணமகனிடமும் கேட்க வேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கு அது.

பாகிஸ்தானுக்கே திரும்பினால், சட்டம் பின்னோக்கியும் போகும் என்பதற்கு ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக்கின் காலம் சாட்சி. 1979இன் ஹுதூத் ஆணைகள், அதாவது இஸ்லாமியத் தண்டனைச் சட்டங்கள், வன்புணர்வுக்கு ஆளான பெண்ணையே விபச்சாரக் குற்றவாளியாக்கக் கூடிய விதத்தில் இருந்தன. பார்வையற்ற ஓர் இளம்பெண்ணின் கர்ப்பத்தையே அவளுக்கு எதிரான ஆதாரமாக வைத்துத் தண்டனை கொடுத்தது ஒரு நீதிமன்றம். நாடு கொதித்த பிறகுதான் மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1983 பிப்ரவரி 12 அன்று லாகூர் தெருவில், சாட்சியச் சட்டத்தில் பெண்ணின் சாட்சியைக் குறைத்து மதிப்பிடும் திட்டத்தை எதிர்த்துப் பெண்கள் ஊர்வலம் போனார்கள். ராணுவ ஆட்சி. தடியடி, கண்ணீர்ப்புகை, கைது எல்லாம் நடந்தது. அஸ்மா ஜஹாங்கீர் போன்ற வழக்கறிஞர்கள் அந்தப் போராட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். இன்று அந்நாட்டில் பிப்ரவரி 12தான் தேசியப் பெண்கள் தினம். வன்புணர்வு வழக்குகளை ஹுதூத் ஆணையிலிருந்து பிரித்தெடுக்க 2006 வரை ஆயிற்று.

ஈரான் பெண்களின் கதை வேறு மாதிரி. 1967இலும் 1975இலும் வந்த குடும்பப் பாதுகாப்புச் சட்டங்கள் மணவிலக்கை நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்திருந்தன. 1979 புரட்சி முடிந்த சில நாட்களிலேயே அதைத் தூக்கி எறிந்தார்கள். டெஹ்ரானில் நீதிமன்றத் தலைவராக இருந்த ஷிரின் எபாதி, பெண் என்பதால் அதே நீதிமன்றத்தில் எழுத்தராக இறக்கப்பட்டார். 2003இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. மணவிலக்கில் கணவனுக்கே கை ஓங்கியபோது, ஈரான் குடும்பங்கள் மஹரைப் பேரம் பேசும் ஆயுதமாக்கின. பஹாரே ஆசாதி என்ற தங்க நாணயத்தில் மஹர் பேசுவார்கள், ஒரு நாணயம் எட்டு கிராமுக்குச் சற்று அதிகம். பெண் பிறந்த வருட எண்ணையே மஹராக வைப்பதும் உண்டு: ஈரானிய நாட்காட்டிப்படி 1360இல் பிறந்தவள் என்றால் 1360 நாணயம். யாராலும் கட்ட முடியாத தொகை என்று எல்லாருக்கும் தெரியும். அவன் விலக்கிவைக்க நினைத்தால் பயப்பட வேண்டும், அவள் விலக நினைத்தால் அதை விட்டுக்கொடுத்து வெளியேற வேண்டும். "என் மஹர் உனக்கு ஹலால், என் உயிர் விடுதலை" என்று பாரசீகத்தில் ஒரு வழக்கே இருக்கிறது. மஹர் கட்ட முடியாமல் சிறைக்குப் போன ஆண்கள் பெருகியதும் அரசு விழித்துக்கொண்டது. 2013இன் சட்டம் 110 நாணயத்துக்கு மேல் சிறைத் தண்டனை மூலம் வசூலிக்க முடியாதபடி வரம்பு கட்டியது. ஆணின் சங்கடம் சீக்கிரம் தீர்ந்தது. பெண் தன் கையில் வைத்திருந்த ஒரே பிடி தளர்ந்தது. அதற்கு ஈடாக மணவிலக்குரிமையை அவளுக்குக் கொடுத்தார்களா என்றால் இல்லை.

கணவன் அனுமதி இல்லாமல் மணமான பெண் வெளிநாடு போக முடியாது என்பதும் அங்கே சட்டம். 2015இல் தேசிய ஃபுட்சால் (உள்ளரங்கக் கால்பந்து) அணித் தலைவி நிலூஃபர் அர்தலான், கணவர் ஒப்புக்கொள்ளாததால் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டிக்குப் போக முடியாமல் போனது. நாட்டுக்காக விளையாடுகிறேன், எனக்கு இது பொருந்தக் கூடாது என்று அவர் பகிரங்கமாகப் பேசினார். அத்தனை பேர் பார்க்கும் ஒருவருக்கே இந்த நிலை.

அப்புறம் ஒன்று. போராட்ட முறைகளும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போயிருக்கின்றன. மொராக்கோவில் 1992இல் பெண்கள் குடும்பச் சட்டத்தைத் திருத்தப் பத்து லட்சம் கையெழுத்துத் திரட்டும் இயக்கம் நடத்தினார்கள். உடனே கிடைத்தது கொஞ்சம்தான். 2000 மார்ச்சில் ரபாத்தில் திருத்தத்தை ஆதரித்து ஊர்வலம், அதே நாளில் காசாபிளாங்காவில் எதிர்த்து அதைவிடப் பெரிய ஊர்வலம், அதிலும் பெண்கள் திரளாக நடந்தார்கள். 2004இல்தான் சட்டம் மாறியது: பெண்ணின் வயது 18, குடும்பப் பொறுப்பு இருவருக்கும் பொது, கணவனுக்குக் கீழ்ப்படிவது கடமை என்ற வரி நீங்கியது. நீதிபதி அனுமதித்தால் சிறுமி திருமணம் செல்லும் என்று ஓர் ஓட்டையும் விட்டார்கள், அந்த ஓட்டை வழியாக நிறையச் சிறுமிகள் போனார்கள். இந்த இயக்கத்தைப் பார்த்துத்தான் ஈரான் பெண்கள் 2006 ஆகஸ்டில் தங்கள் பத்து லட்சம் கையெழுத்து இயக்கத்தைத் தொடங்கினார்கள். பேருந்திலும் பூங்காவிலும் அழகு நிலையத்திலும் முன்பின் தெரியாத பெண்களிடம் போய்ச் சட்டத்தை விளக்கினார்கள். கையெழுத்துப் போடாவிட்டாலும் துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு வருவார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். 2022இல் ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி காவலில் இறந்தபின் எழுந்த கிளர்ச்சி வெறும் கோபத்தில் திடீரென்று எழுந்ததாக எழுதுகிறார்கள். அதற்கு முன்னால் இவ்வளவு பொறுமையான வேலை நடந்திருக்கிறது.

ஹிஜாபைப் பற்றி ஒரு பத்தி போதும் என்று நினைக்கிறேன், உலகம் அதைப் பற்றி மட்டுமே பேசுவதால். 1936இல் ஈரான் மன்னர் ரேசா ஷா தடை போட்டு, போலீஸை விட்டுத் தெருவில் பெண்களின் சாதர் எனும் போர்வையைப் பிடுங்கவைத்தார். வீட்டை விட்டு வெளியே வராமலேயே இருந்துவிட்ட பெண்கள் உண்டு. 1983இல் அதே ஈரானில் தலை மூடாவிட்டால் 74 கசையடி என்று சட்டம் வந்தது. துருக்கியில் 1999இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மெர்வே கவாக்சி தலைமறைப்போடு நாடாளுமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காகப் பதவியேற்க விடாமல் கூச்சல் போட்டு வெளியேற்றினார்கள். எடு என்றாலும் போடு என்றாலும் தடியோடு நிற்பது அரசுதான். எந்தப் பக்கம் அந்தத் தடி திரும்பினாலும் நான் பெண்ணின் பக்கம்.

மேற்கிலிருந்து வந்த சரக்கா என்ற கேள்விக்கு வருகிறேன். எகிப்தை 1883 முதல் 1907 வரை ஆட்டிப்படைத்த ஆங்கிலேயர் க்ரோமர் பிரபு, முகத்திரையால்தான் எகிப்து பின்தங்கியிருக்கிறது என்று எழுதினார். அதே ஆள் எகிப்தியப் பெண் பிள்ளைகளின் பள்ளிப் படிப்புக்குச் செலவிடக் கை நீட்டவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பியதும் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். முஸ்லிம் பெண்ணுக்காக வெளியிலிருந்து கண்ணீர் விடுபவரை முஸ்லிம் பெண்கள் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு மனிதர் போதும். ஆனால் அதே காலத்தில் உள்ளிருந்து வேலை செய்தவர்களைப் பாருங்கள். 1911இல் கல்கத்தாவில் எட்டுப் பிள்ளைகளோடு முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கினார் ரொக்கையா சகாவத் ஹுசைன், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். 1912இல் சுமத்ராவில் ரோஹானா குத்தூஸ் பெண்களுக்காகப் பத்திரிகை தொடங்கினார். 1917இல் யோக்யகர்த்தாவில் ஐசியா என்ற பெண்கள் அமைப்பு உருவாயிற்று. 1923இல் எகிப்தியப் பெண்ணிய ஒன்றியத்தை ஹுதா ஷஅராவி தொடங்கினார். அதே 1923இல் சுமத்ராவின் பாடாங் பாஞ்சாங்கில் ரஹ்மா எல் யூனுஸிய்யா பெண்களுக்கான மார்க்கப் பள்ளியைத் திறந்தார். அந்தப் பள்ளியை நேரில் வந்து பார்த்த கெய்ரோவின் அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத் தலைவர் வியந்தார், 1957இல் அங்கே ரஹ்மாவுக்கு ஷைக்கா என்ற பட்டம் கொடுத்தார்கள். கெய்ரோவுக்கு வழிகாட்டியது சுமத்ராவின் ஒரு சிறுநகரம். அந்தப் பகுதியின் மினாங்கபாவு மக்களிடம் குடும்பச் சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தோனேசியாவில் அந்த வேர் இன்னும் பச்சையாக இருக்கிறது. 2017 ஏப்ரலில் சிரபோன் அருகே ஒரு மதரஸாவில் பெண் உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், மாநாடு கூட்டினார்கள். மூன்று விஷயங்களில் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார்கள்: பாலியல் வன்முறை, சிறுவர் திருமணம், சுற்றுச்சூழல் அழிவு. பெண் கேட்பவளாக மட்டும் இருந்த இடத்தில் பெண் தீர்ப்புச் சொல்பவளாக உட்கார்ந்தாள். இரண்டு வருடம் கழித்துத் திருமண வயது 19 ஆனதில் இந்தப் பெண்களின் குரலுக்குப் பங்கு உண்டு. குர்ஆனை வைத்தே வாதாடுபவர்கள் ஒரு பக்கம். மார்க்கத்தை ஒதுக்கிவைத்துச் சம குடியுரிமை கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் ஒரே அறையில் சண்டை போட்டுக்கொண்டே ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவதைப் பல நாடுகளில் காணலாம். எது 'உண்மையான' பெண்ணியம் என்று வெளியே நின்று தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் இரண்டும் தேவைப்படுகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

மறுபக்கம் ஆப்கானிஸ்தான். 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்ணுக்குப் பள்ளி இல்லை, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடியது. அது ஷரீஅத்துக்கு முரண் என்று அல் அஸ்ஹரின் தலைமை இமாமே சொன்னார். சவூதியில் 2018 ஜூனில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி வந்தது, அதற்காகப் பாடுபட்ட பெண்களை அதற்கு முந்தைய மாதம் பிடித்து உள்ளே போட்டார்கள். கொடுத்தது மன்னர் என்றிருக்க வேண்டும், கேட்டுப் பெற்றது பெண்கள் என்றாகிவிடக் கூடாது. இவ்விரண்டையும் பற்றி ஏராளம் எழுதப்படுவதால் இங்கே நிறுத்துகிறேன்.

இந்தியாவில் முஸ்லிம் பெண்ணுக்கு மணவிலக்குக் கோரும் உரிமை கொடுத்த 1939ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஹனஃபி முறையில் மனைவி மணமுறிவு பெறுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். பஞ்சாபில் பெண்கள் வேறு வழியின்றி மதம் மாறினார்கள், மாறினால் திருமணம் முறிந்துவிடும். உலமாக்கள் அதிர்ந்தார்கள். மௌலானா அஷ்ரஃப் அலி தானவி, மாலிகி மத்ஹபில் இருந்த எளிதான வழிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஃபத்வா எழுதினார், அது சட்டத்துக்கு அடிப்படையாயிற்று. பெயர் தெரியாத அந்தப் பஞ்சாபிப் பெண்கள் பெண்ணியம் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சட்டத்தை மாற்றவைத்தது அவர்கள்தான்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். மணவிலக்கான ஷா பானுவுக்கு 1985இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஜீவனாம்சம், 1986இல் அதை முடக்க ஒரு சட்டம், 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் அந்தச் சட்டத்துக்குள்ளேயே நியாயமான தொகை தர வழிகண்ட உச்ச நீதிமன்றம், 2017இல் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்ற தீர்ப்பு, 2019இல் அதற்கு மூன்று வருடம் வரை சிறை. கடைசிச் சட்டத்தில் முஸ்லிம் பெண்கள் அமைப்புகளே பிரிந்து நின்றன. செல்லாத தலாக்குக்கு ஏன் சிறை, அவன் உள்ளே போனால் ஜீவனாம்சம் யார் தருவார் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டில் புதுக்கோட்டையைச் சேர்ந்த ஷரீஃபா கானம் தொடங்கிய பெண்கள் ஜமாஅத் வேறு இடத்தில் கை வைத்தது. ஊர் ஜமாஅத்தில் ஆண்கள் உட்கார்ந்து ஒரு பெண்ணின் மணவிலக்கைப் பேசுவார்கள், அவள் சார்பில் அண்ணனோ மாமாவோ போய் நிற்பார், அவள் வாயால் அவள் கதையைச் சொல்ல வழியிருக்காது. அந்தக் கதையை உட்கார்ந்து கேட்க ஒரு சபை வேண்டும் என்பதுதான் அவர்கள் தொடங்கிய இடம்.

இதைப் படிப்பவர்களில் மகளுக்கோ தங்கைக்கோ நிக்காஹ் பேசிக்கொண்டிருப்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு நடைமுறையில் சில வார்த்தைகள். இந்தியாவில் 18ஆம் பத்தி அச்சடித்த படிவம் கிடையாது, ஆனால் அதில் உள்ளதை எழுதத் தடையும் கிடையாது. மணவிலக்கு அதிகாரத்தை மனைவிக்கு ஒப்படைக்கும் நிபந்தனையை இந்திய நீதிமன்றங்கள் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே ஏற்று வந்திருக்கின்றன. ஹனஃபி வழியில் இருப்பவர்கள் அதை நேராக எழுதலாம். ஷாஃபிஈ வழியில் இருப்பவர்கள் இந்தோனேசியாவைப் பார்க்கலாம். அங்கே நிக்காஹ் முடிந்ததும் மணமகன் ஓர் உறுதிமொழியை வாசித்துக் கையெழுத்திடும் வழக்கம் இருக்கிறது: இரண்டு வருடம் விட்டுப்போனால், மூன்று மாதம் செலவுக்குக் கொடுக்காவிட்டால், அடித்தால், ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால், மனைவி நீதிமன்றத்தில் முறையிட்டு ஒரு சிறு தொகை கட்டியதும் தலாக் விழும். அந்த வாசகத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டிப் பேசுங்கள், மார்க்க ஆதாரம் கேட்டால் அதே மத்ஹபின் நாடு அது என்று சொல்லுங்கள். நிபந்தனைகளை மஹர் பேசும் அன்றே, பந்தல் போடும் முன்பே, ஒரு வக்கீலை வைத்து எழுதிவிடுங்கள். ஜமாஅத் பதிவேட்டின் நகல் ஒன்று பெண்ணின் கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத் திருமணங்களையும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். எழுதும்போது பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.